நாற்பது பரிசல்

ஓடக்காட்டூர், எடப்பாடி வழி
18-2-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மஞ்சுளா எழுதுவது. இங்கே அம்மா, உன் மாப்பிள்ளை, அபிநயா எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் உடம்பு எப்படி? பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. போர் போடுகிற ரிக் வண்டி காட்டுக்குள் நிற்கும், அங்கே சிக்னல் கிடைக்காது என்று அம்மாவுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். இத்துடன் இருக்கும் படிவத்தை எப்படியும் தபாலில்தான் அனுப்ப வேண்டும். அதனால் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை மீனவர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மீன்வளத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆய்வாளர் நித்யஸ்ரீ பேசினார். சின்ன வயதுப் பெண். நம் ஆற்றுக் கதவணைத் தண்ணீரில் மீன் வருஷா வருஷம் குறைகிறதாம். இப்போது எண்பத்து நான்கு பேரிடம் உரிமம் இருக்கிறது. வருகிற ஜூலையிலிருந்து நாற்பது பரிசல்தான் ஓடலாமாம். கண் சிறுத்த வலைக்கும் தடை.

மீன் குறைந்தது நிஜம்தான் அண்ணா. தை மாதம் முழுக்க என் வலையில் ஏறியது வெறும் ஜிலேபிக் கெண்டை. ஒரு கட்லாவைக் கண்ணில் பார்க்கவில்லை. கொசுவலை மாதிரி வலையைப் போட்டுக் குஞ்சுகளைக்கூட வாரிக்கொண்டு போகிறார்கள். குறைக்க வேண்டும் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான்தான். அந்த நாற்பது பேர் யார் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

"உண்மையிலேயே தண்ணியில இறங்கி மீன் பிடிக்கிறவங்களுக்குத்தான் முன்னுரிமை" என்றார் ஆய்வாளர்.

"அப்ப எனக்குத்தானுங்க. பதினோரு வருசமா நாந்தானுங்க போறேன்."

சங்கத்து எழுத்தர் கதிர்வேல் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க பேரே இதுல இல்லியே அம்மணி. தமிழரசுன்னுதான் இருக்குது. அவரு எங்கீங்க?"

"ரிக்குலீங்க. சத்தீஸ்கர்ல."

"அப்ப அங்கயே போர் குழிக்குள்ள மீன் புடிச்சுக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஒரு வழி இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவர் சம்மதம் எழுதிக் கொடுத்தால், அதே குடும்பத்தில் மீன் பிடிக்கிறவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். படிவத்தில் மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். அங்கெல்லாம் கையெழுத்தும் கைரேகையும் வைத்து அனுப்பு. நகல் செல்லாது, அசல்தான் வேண்டும். கடைசி நாள் மார்ச் 31. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
மஞ்சுளா

*

ரிக் கேம்ப், ஜக்தல்பூர் ரோடு
9-3-2024

அன்புத் தங்கை மஞ்சுளாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். அம்மாவின் காலுக்குக் கொள்ளு ஒத்தடம் கொடு. மருமகள் அபிநயாவைப் பரீட்சைக்கு நன்றாகப் படிக்கச் சொல்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. வேறு வாங்கவில்லை. நீ அனுப்பிய படிவத்தில் எண்ணெய் பட்டுவிட்டது. வேறு ஒன்று அனுப்பு.

பரிசலுக்கு அடியில் தார் பூசினாயா? கோடைக்கு முன்னால் பூசிவிடு.

அண்ணன் தமிழரசு

*

ஓடக்காட்டூர்
18-3-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். கொள்ளு ஒத்தடம் கொடுத்தாயிற்று.

தார் பூசுகிற பரிசல் போய் நான்கு வருஷம் ஆகிறது. இப்போது இருப்பது ஃபைபர் பரிசல். நீயும் போன வருஷப் பொங்கலுக்கு அதில்தான் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாய்.

படிவம் திரும்பவும் வாங்கி வைத்திருக்கிறேன். இதற்காகச் சங்கத்துக்கு மூன்று நடை. முதல் நாள் எழுத்தர் இல்லை. இரண்டாம் நாள் எழுத்தர் இருந்தார், படிவம் இல்லை. மூன்றாம் நாள், "ஒரு ஆளுக்கு ஒண்ணுதானுங்க அம்மணி, எண்ணெயில முக்கறதுக்கா குடுத்தோம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி வந்துவிட்டதால் ஜூன் வரைக்கும் எந்த முடிவும் எடுக்க மாட்டார்களாம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவதும் நின்றுவிட்டது. ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் போட்டுவிட்டு வர வேண்டும். இதில் ஒரே லாபம், நம் கடைசி நாளும் ஜூன் 28க்குத் தள்ளிப் போயிருக்கிறது.

ஆனால் சோதனையை மட்டும் தேர்தலுக்காக நிறுத்தவில்லை. நேற்று முன்தினம் விடிந்த நேரம், நடு ஆற்றில் வலையை இழுத்துக்கொண்டிருந்தேன். துறையின் மோட்டார் படகு பக்கத்தில் வந்து நின்றது.

"உரிமதாரர் எங்க?"

"ஊர்ல இல்லீங்க."

"நீ யாரு?"

"அவரு தங்கச்சிங்க."

"தங்கச்சிக்கெல்லாம் உரிமம் இல்ல. வலையைச் சுருட்டிக் குடு."

மீனோடு சேர்த்துத்தான் கொடுத்தேன். அன்றைக்குப் பார்த்துத்தான் இரண்டு ரோகு மாட்டியிருந்தன. பச்சமுத்து அண்ணன் பத்து முழம் தள்ளித் தன் பரிசலில் இருந்தார். நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பைப் போட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன? எண்பத்து நான்கில் ஒன்று கழிந்தால் மற்றவருக்கு நல்லதுதானே. அப்பாவோடு சேர்ந்து வலை போட்டவர்களெல்லாம் இப்போது ஒருவரை ஒருவர் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. உன் கடிதத்தில் எழுத்து உன் எழுத்தாக இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணிக்கொண்டு இருக்கிறது. யாரிடமாவது சொல்லி எழுத வைத்தாயா? அம்மாவுக்குக் காட்டவில்லை, படித்து மட்டும் சொன்னேன்.

படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன். எண்ணெய் படாது.

மஞ்சுளா

*

ரிக் கேம்ப்
20-4-2024

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். வெயில் அதிகம். வேலையும் அதிகம்.

வலது கையில் சின்னக் கட்டு போட்டிருக்கிறது. அதனால் இடது கையால் எழுதுகிறேன். பத்து நாளில் சரியாகிவிடும். அம்மாவிடம் சொல்லி அவளைக் கலங்க வைக்காதே.

வலையைப் பிடுங்கிக்கொண்டு போனது தெரிந்து மனசு கஷ்டமாக இருந்தது. நீ தனியாக ஆற்றுக்குப் போகாதே. வெள்ளம் வரும் மாதங்களில் பயமாக இருக்கிறது.

உரிமத்தைப் பற்றி அவசரப்பட வேண்டாம். நான் வந்து நேரில் பேசிக்கொள்கிறேன்.

அண்ணன் தமிழரசு

*

ஓடக்காட்டூர்
5-5-2024

அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். கையில் எப்படி அடிபட்டது, எத்தனை தையல், எந்த ஆஸ்பத்திரி என்று எதுவும் எழுதவில்லை. எழுதவும்.

நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்கிறாய். எப்போது வருவாய் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. படிவம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டது மூன்று கையெழுத்து. மாடு கன்று கேட்கவில்லை, தோட்டம் காட்டில் பங்கு கேட்கவில்லை.

அப்பா செத்துப் பதினாறு நாள் காரியம் முடித்துச் சங்கத்துக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். அப்போதும் நான்தான் வலை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் நான்தான். ஆனால் அன்றைக்கு இருந்த எழுத்தர், "பொம்பளை பேர்ல எழுதறதுக்கு இதுல எடமில்ல" என்றார். நீ தலையாட்டினாய். உன் பேரில் எழுதினார்கள். அடுத்த மாதம் நீ ரிக்குக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்து புதுப்பிக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவாய். அதோடு உன் மீன்பிடித் தொழில் முடிந்தது. மற்ற நாளெல்லாம் தண்ணீரில் இருந்தது யார்?

இதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. பேர் யாருடையதாக இருந்தால் என்ன, மீன் ஒன்றும் உரிமத்தைப் பார்த்து ஏறுவதில்லை என்று இருந்துவிட்டேன். இப்போது நாற்பது பேர் என்று வந்த பிறகு பேர்தான் எல்லாமும்.

உன் மாப்பிள்ளைக்கு எடப்பாடியில் தறி ஓடினால்தான் கூலி. வாரத்தில் மூன்று நாள் நிற்கிறது. தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது, கரையிலிருந்தே "பாத்து, பாத்து" என்று கத்துவார். அபிநயா பிளஸ் டூ முடித்துவிட்டாள். நாளைக்கு ரிசல்ட். நர்சிங் படிக்கிறேன் என்கிறாள். இந்த வீடு ஆற்றை வைத்துத்தான் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியாததா?

கை முடியவில்லை என்றால் அதற்கும் கேட்டுவிட்டேன். ஆய்வாளர் அம்மாவிடமே போய்க் கேட்டேன். "ஆம்பளைங்களுக்கு இடது கைப் பெருவிரல் ரேகைதான் வாங்குறோம், அக்கா. வலது கையில கட்டு இருந்தா பரவாயில்ல. கையெழுத்துக்குப் பதிலா அதுவே போதும்" என்றார். அவர் முகம் பார்த்துப் பேசுகிறார். ஆனால் எதைக் கேட்டாலும் கடைசியில், "பேப்பர் வரணும் அக்கா" என்று முடித்துவிடுகிறார்.

இடது கைதான் நன்றாக இருக்கிறதே. வைத்து அனுப்பு.

மஞ்சுளா

*

ஓடக்காட்டூர்
16-6-2024

அண்ணனுக்கு,

கடிதம் போட்டு நாற்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அபிநயா நல்ல மார்க். நாமக்கல்லில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது.

இன்னும் பன்னிரண்டு நாள்தான். தினமும் தபால்காரர் செல்லமுத்து வருகிற நேரத்தில் ரோட்டில் போய் நிற்கிறேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே வண்டியை நிறுத்தாமல், "இல்லீங்க்கா" என்று சொல்லிக்கொண்டு போகிறார்.

நீ எழுத வேண்டாம். காகிதத்தை மட்டும் அனுப்பு.

மஞ்சுளா

*

ரிக் கேம்ப்
2-7-2024

அன்புத் தங்கை மஞ்சுளாவுக்கு,

கடைசி நாள் தாண்டியிருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இந்த உறையில் படிவம் இருக்கிறது. மூன்று இடத்திலும் ரேகை வைத்திருக்கிறேன். அது சித்திரை மாதமே வைத்தது. அன்றிலிருந்து என் பெட்டியில்தான் இருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் போர் குழிக்குள் ராடு இறக்கும்போது என் வலது கை இடையில் மாட்டிக்கொண்டது. நான்கு விரல் போய்விட்டது. பெருவிரல் மட்டும் இருக்கிறது. ராய்ப்பூரில் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். செலவை முதலாளி பார்த்துக்கொண்டார். இப்போது கேம்பில் ஷெட்டுக்குக் காவல் இருக்கிறேன். ராடு எண்ணுவேன், டீசல் டிரம்மைப் பார்த்துக்கொள்வேன். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை. வண்டி அடுத்த ஊருக்கு நகரும்போது என்னை ஏற்றிக்கொள்வார்களா என்று தெரியவில்லை. போன் தண்ணீரில் விழவில்லை. வீடியோவில் அம்மா கையைப் பார்த்துவிடுவாள் என்று நான்தான் எடுக்கவில்லை.

படிவத்தில் எண்ணெயும் படவில்லை. முதலில் வந்ததும் பெட்டியில்தான் இருக்கிறது.

ஏன் அனுப்பவில்லை என்று நீ கேட்பாய். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ரிக் போனால் போகட்டும், ஊரில் என் பேரில் ஒரு உரிமம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று. டிஸ்சார்ஜ் ஆகி இங்கே வந்த அன்றைக்கு உன் கடிதம் காத்திருந்தது. அந்த ஒன்றையும் கேட்டு.

உன்மேல் கோபம் இல்லை. உன்னுடையதுதான் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்திருந்தேன். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் நாளைக்கு அனுப்பலாம் என்பேன். அனுப்பிவிட்டால் எனக்கு என்று ஊரில் என்ன இருக்கிறது? பெண்டாட்டி பிள்ளையா? நாற்பத்து நான்கு வயதில் பொண்ணு தேடுவதையும் நீங்களே விட்டுவிட்டீர்கள். நான்கு விரல் இல்லாதவன் வலையை எப்படி இழுப்பான் என்றும் யோசித்தேன். ஆனாலும் அனுப்பவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று உனக்குத்தான் தெரியும்.

தமிழரசு

*

ஓடக்காட்டூர்
14-7-2024

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. படிவமும் வந்தது. அது வந்த அன்றைக்குத்தான் சங்கத்துச் சுவரில் பட்டியலையும் ஒட்டினார்கள். நாற்பது பேர். இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தேன். பச்சமுத்து அண்ணன் ஏழாவது. நாம் இல்லை. உன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. படிவத்தைக் கதிர்வேல் கையில்கூட வாங்கவில்லை. "தேதி போச்சுங்க அம்மணி. இனி நானென்ன பண்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

எனக்கு எழுதவே பிடிக்கவில்லை. கோபத்தில் இரண்டு காகிதம் கிழித்துவிட்டேன். முதலில் எழுதியதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் உன் கையை நினைத்து அழுதிருந்தேன். இரண்டும் உனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஜனவரி மாதமே, "எனக்குக் கை போச்சு, எனக்கும் அந்த உரிமம் வேணும்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தாய்? வராதே என்றிருப்பேனா? என் பேருக்கு மாற்றிக்கொண்டு உன்னைக் கரையில் நிறுத்தி மீனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சாப்பிட்டிருப்போம். ஒரு பரிசலில் இரண்டு பேர் உட்கார முடியாதா? ஆளுக்கொரு பக்கம் இழுத்து அதைக் கவிழ்த்தே விட்டோம். இல்லை, நான் இழுக்கவில்லை. கேட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. "சோறு எந்தக் கையில திங்கறானாம்?" என்று கேட்டது. இடது கையில் இருக்கும் என்றேன். அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

புண் ஆறிவிட்டதா என்பதை எழுது. அதற்கு மேல் எதுவும் இப்போதைக்கு எழுத வேண்டாம்.

மஞ்சுளா

*

ரிக் கேம்ப்
6-8-2024

அன்புத் தங்கைக்கு,

புண் ஆறிவிட்டது.

அதற்கு மேல் எழுத வேண்டாம் என்றாய். இது உனக்கு எழுதுவது இல்லை, ஆபீசுக்கு எழுதியதன் நகல். பதிவுத் தபாலில் ஆய்வாளருக்கும் கலெக்டருக்கும் அனுப்பிவிட்டேன். நான்கு நாள் உட்கார்ந்து என் இடது கையாலேயே எழுதினேன்.

"ஐயா, அம்மா அவர்களுக்கு. காலமான சின்னண்ணன் என்பவரின் மகன் தமிழரசு எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம். என் பெயரில் பதினோரு வருடமாக மீன்பிடி உரிமம் இருந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் நான் ஒரு நாளும் மீன் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் நானே பிடிப்பதாகப் பொய்யாகக் கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்தேன். பிடித்தது என் தங்கை மஞ்சுளா. அவள் அனுப்பச் சொன்ன சம்மதப் படிவத்தை உரிய தேதிக்குள் அனுப்பாதது என் குற்றம், அவள் குற்றம் இல்லை. எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்."

இப்படி எழுதிக் கொடுத்தால் என் பேருக்கு இனி எந்த நாளும் உரிமம் கிடையாது என்று இங்கே மேனேஜர் விசாரித்துச் சொன்னார். விதியில் அப்படித்தான் இருக்கிறதாம். தெரிந்துதான் அனுப்பினேன்.

தமிழரசு

*

ஓடக்காட்டூர்
15-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். ஆடியில் ஆற்றில் வெள்ளம் போய், இருபது நாள் யாருமே பரிசலை இறக்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்குக்கூடக் கரையில் போலீஸ் நின்றது. அபிநயா விடுதிக்குப் போய்விட்டாள்.

உன் வாக்குமூலத்தைப் படித்தேன். அதற்குப் பதில் எழுதத் தெரியாமல்தான் இத்தனை நாள் ஆனது. ஆனால் சும்மா இருக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவணியில் நித்யஸ்ரீ அம்மா விசாரணைக்கு நம் கரைக்கே வந்தார். பத்துப் பேரிடம் கேட்டார். ஒன்பது பேர், "எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார்கள். பச்சமுத்து அண்ணன் மட்டும் வாயைத் திறந்தார். "அந்தப் புள்ளைதானுங்க போகும். மழைன்னாலும் போகும். அன்னிக்கு வலையப் புடுங்கினப்போ நான் பாத்துட்டு சும்மா இருந்துபோட்டேன். இன்னிக்காச்சும் சொல்றேன், எழுதிக்குங்க." அவர் பேர் பட்டியலில் வந்துவிட்டது, அந்தத் தைரியம் என்று உன் மாப்பிள்ளை சொல்கிறார். இருக்கட்டும், சொன்னாரே.

போன திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி, சேலத்தில் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனேன். அங்கிருந்து துறை ஆபீசுக்கு அனுப்பினார்கள். ஆய்வாளர் அம்மா உட்காரச் சொல்லி, உத்தரவு தயாராகிவிட்டது, தபாலில் வரும் என்றார்.

"என்னன்னு சொல்லுங்கம்மா. நான் ரோட்டுல நின்னு தபால் பாத்தது போதும்."

அவர் சங்கடத்தோடு படித்தார். உன் உரிமம் நிரந்தரமாக ரத்து. உனக்கு இனி எந்த நீர்நிலையிலும் கிடையாது. எனக்கும் இந்த ஆண்டு கிடையாது. நாற்பது இடமும் நிரம்பிவிட்டது. அதற்கு மேல் ஒன்றுகூடக் கூட்டக் கூடாது என்று அரசாணையாம்.

"அப்புறம் அக்கா, பதினோரு வருஷம் உரிமம் இல்லாம மீன் பிடிச்சதுக்கு உங்களுக்கு ஒரு அபராதமும் இருக்கு" என்றார்.

எழுந்து நின்றுவிட்டேன். "நல்லா இருக்குதுங்கம்மா உங்க ஞாயம். நான் மீனே புடிக்கலைன்னு சொல்லித்தான் பேரை எழுத மாட்டேன்னீங்க. இப்ப புடிச்சேன்னு சொல்லி அபராதம் போடறீங்க. ரெண்டுல எதுங்க நெசம்?"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. அவர் உத்தரவை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். "இதைப் படிங்க அக்கா."

'மேற்படி மஞ்சுளா பதினோரு ஆண்டுகள் இடைவிடாமல் மீன்பிடித் தொழில் செய்துவந்தது விசாரணையில் உறுதி செய்யப்பட்டது.'

"இந்த அபராதத்தைப் போடாம இந்த வரியை என்னால எழுத முடியாது. இந்த வரி இல்லாம உங்களைக் காத்திருப்போர் பட்டியல்ல சேர்க்க முடியாது. இது இருந்தா, அனுபவம் கணக்குப் பண்ணி உங்களை முதல் ஆளா போடலாம். போட்டிருக்கேன்" என்றார்.

அங்கேயே அபராதத்தைக் கட்டினேன். ரசீதில் பெயர் மஞ்சுளா, தொழில் மீன்பிடித்தல் என்று அச்சடித்து வந்தது. முப்பத்தாறு வயதில் அரசாங்கம் என் தொழிலை எழுதிக் கொடுத்த முதல் காகிதம். அதைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் எடப்பாடி பஸ் ஏறினேன். உன் பேரை அழித்துத்தான் அந்த ஒரு வரி வந்தது. அதையும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளம் வடிந்ததுமே மீன்பிடி மறுபடி தொடங்கிவிட்டது. ஒரு உரிமத்துக்கு ஒரு உதவியாளரைப் பதிந்துகொள்ளலாம். பச்சமுத்து அண்ணன் என் பேரைக் கொடுத்திருக்கிறார். அவர் பரிசலில்தான் போகிறேன். கண் பெரிய வலை. இப்போதைக்கு வரவு கம்மி. ஆனால் ஏறுகிற கெண்டை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கில் மூன்றில் ஒன்று எனக்கு. சொந்தப் பரிசல் கரையில் கவிழ்த்துக் கிடக்கிறது.

நாற்பது பேரில் ஒருவர் விட்டால்தான் என் முறை. ஒன்று ஊரைவிட்டுப் போக வேண்டும், இல்லை உலகத்தை விட்டுப் போக வேண்டும். கரைக்கெல்லாம் இது தெரிந்துவிட்டது. வாய் தவறி யாரிடமும், "சௌக்கியமுங்களா?" என்று கேட்க முடியவில்லை. நேற்று கருப்பண்ணன் மாமாவுக்கு லேசான இருமல். என்னைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல மஞ்சுளா, வெறும் சளிதான். நூறு வயசு இருப்பேன்" என்றார். "இருங்க மாமா, எனக்கும் அவசரமில்ல" என்றேன். கரையே சிரித்தது. கூட்டம் நடந்த அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள்தான். இந்த முறை நானும் மனதாரச் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

நீ அங்கே டீசல் டிரம்மைக் காத்தது போதும். இங்கே மீனைத் தரம் பிரித்து எடை போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சங்கத்தில் தேடுகிறார்கள். அதற்கு உரிமமும் வேண்டாம், நான்கு விரலும் வேண்டாம். உனக்காகக் கெஞ்சி வாங்கிய வேலை இல்லை. போன ஆள் எடையில் ஏமாற்றியதால் நிறுத்திவிட்டார்கள். நேர்மையான ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கதிர்வேல் கேட்டார். தன்மேலேயே புகார் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பின ஒருத்தன் இருக்கிறான் என்றேன்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி இருக்கிறது. அதை நேரில் வந்து வாங்கிக்கொள்.

தங்கை,
மஞ்சுளா